கரை கிழிந்த வேட்டி

என் அலுமாரியில் ஒரு பக்கக் கரை அடியோடு கிழிந்த வேட்டி ஒன்று இருக்கிறது. எறியச் சொல்லி மனைவி வருடாவருடம் சொல்வாள். நான் காது கேளாதவன்போல் இருந்துவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். பொறுப்பதிகாரியை எல்லோரும் மிஸ் என்போம். இரண்டு வருடம் கடிதம் எழுதி ஒரு கருவியை வரவழைத்திருந்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள், மெல்லிய இழையில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி சுவரில் அசையாமல் நிற்கவேண்டும். வைகாசி வெக்கையில் அது நகர்ந்துகொண்டே போனது. காற்றில்லாத கூண்டுக்குள் விசிறியால் பயனில்லை; அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செப்புத் தட்டைத்தான் குளிர்விக்கவேண்டும். அதற்கென்று வந்த தண்ணீர் மோட்டாரைப் போட்டாலோ மேசை நடுங்கி, புள்ளி பேய்பிடித்ததுபோல் ஆடியது. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார். புள்ளி நிற்காவிட்டால் கருவியைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். மிஸ் இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை.

திங்கள் காலை, பெரிய புத்திசாலிபோல் நான் ஒரு பானையில் துளையிட்டுத் தட்டுக்கு மேலே கட்டினேன். கோடையில் சிவலிங்கத்தின்மேல் தண்ணீர் சொட்டவிடுவார்களே, அந்த யோசனைதான். தட்டு குளிர்ந்தது. ஆனால் ஒவ்வொரு துளிக்கும் புள்ளி துள்ளியது. சுவாமிக்கு இருக்கும் பொறுமை கருவிக்கு இல்லை.

மிஸ் சிரித்துவிட்டார். பிறகு பானையையும், வேலை முடிய வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக நான் கொண்டுவந்திருந்த பையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தண்ணி விழக்கூடாது, வழியவேணும். உங்கட வேட்டியைத் தாங்கோ."

"அது கோயிலுக்கு, மிஸ்."

"அம்மாளிட்ட நான் கதைக்கிறன்."

புதுவேட்டியின் கரையை நீளமாகக் கிழித்து, ஒரு நுனியைப் பானையின் துளையில் செருகி, மறுநுனியைத் தட்டில் படியவிட்டார். தண்ணீர் துணிவழியே சத்தமில்லாமல் இறங்கியது. புள்ளி நின்றது.

அதிகாரி அரைமணி நேரம் சுவரையே பார்த்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் மிஸ் அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். நான் காணாததுபோல் நின்றேன். மாலையில் கிழிந்த பக்கத்தை இடுப்புக்குள் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

போன கிழமை, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் வேலைசெய்யும் மகன் விடுமுறையில் வந்திருந்தான். வெற்றிடத்தில் இருக்கும் நுட்பமான கருவிகளை அதிராமல் குளிர்விப்பது எவ்வளவு கடினம் என்று விளக்கினான். செப்பு இழைகளை நாடாபோல் பின்னி, சூட்டை அதன்வழியே இறக்குவார்களாம். யாருக்கு முதலில் அந்த யோசனை வந்ததோ தெரியாது என்றான்.

நான் எழுந்துபோய் வேட்டியை எடுத்துவந்து அவன் மடியில் போட்டேன்.