குல்சும் அறிந்த தலை

பெண் பார்க்க வந்த அன்று கோமளா நிமிர்ந்து பார்த்தது நரசிம்மலுவின் முடியைத்தான். சீப்பு உள்ளே போனால் திரும்பி வராத அளவுக்கு அடர்த்தி. கல்யாணமாகி ஆறே வருஷத்தில் அது போன இடம் தெரியவில்லை. போர்வெல் தண்ணீரின் உப்பு என்றார் ஒருவர்; உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். எதுவாயிருந்தாலும், முப்பத்தைந்து வயதில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பின்பக்கமாக ஓடும் ஒரு பட்டை முடிதான் அவருக்கு மிச்சம்.

காந்திபுரத்தில் அவருக்கு மோட்டார் பம்ப் கடை. தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஒருநாள் அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். "ஏனுங்க பெரியவரே, உங்க பையன் இல்லீங்களா? போன தடவ அவருதானுங்க மோட்டாரு குடுத்தாரு" என்றார். போன தடவை கொடுத்ததும் நரசிம்மலுதான். அன்று மதியம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டுக்குப் போனார். அங்கே அப்துல் குத்தூஸ் என்பவரும் அவர் மனைவி உம்மல் குல்சுமும் டோப்பா செய்து கொடுத்துவந்தார்கள். நாடகக்காரர்கள் மாட்டும் தினுசு இல்லை. மெல்லிய வலையில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டு, தலையோடு ஒட்டினால் சொந்த முடி என்று சத்தியம் செய்யலாம். அளவு எடுப்பதற்காக உச்சியில் இருந்த பூனைமுடியையும் வழித்துவிட்டு, தலையை மாவுக்கட்டு மாவில் அச்சு எடுத்து அனுப்பினார்கள்.

காதோரம் வெள்ளை மாவு ஒட்டியிருக்க அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோமளா கதவைத் திறந்தாள். பார்த்தாள். சிரித்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கொழுக்கட்டைக்கு மாவு உருட்டி வெச்சாப்ல இருக்குதுங்க!"

அவரும் சிரித்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

மூன்று வாரம் கழித்து டோப்பா வந்தது. அதன்பின் கோமளா அவருடைய வெறும் தலையைப் பார்க்கவே இல்லை. காலையில் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, முன்நெற்றியில் கம் தடவி, பக்கங்களில் கிளிப் குத்தி, வாரிக்கொண்டுதான் வெளியே வருவார். படுக்கும்போது கழற்றிவிட்டுத் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். கட்டினவளிடமே இப்படி ஒரு மறைப்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, கழுவி மறுபடி ஒட்டிக்கொள்ளக் கோட்டைமேட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் விசிலடிப்பார்.

திரும்பி வந்ததும் ஆரம்பிக்கும். "குல்சும் சொல்லுச்சு, ஃபேனுக்கு நேரா படுக்கக் கூடாதாம்." "எண்ணெயே ஆகாதுன்னு குல்சும் சொல்லுச்சு." ஒருநாள் சாப்பிடும்போது, "நம்மூட்டு ரசத்துல புளி ஜாஸ்தி கோமளா. குல்சும் ஊட்டுல ஒருக்கா குடிச்சேன்" என்றார். கோமளா ரசச் சட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் குல்சும் எப்படி இருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் வேண்டியமட்டும் அழகைக் கொடுத்தாள். சிவந்த விரல்கள், மருதாணி, தாழ்ந்த குரல். அந்த விரல்கள் தன் புருஷன் தலையில் ஊர்வதை நினைத்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போனதும் டவுன் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கில் தடித்த கண்ணாடி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் என்று கேட்டாள்.

"பம்ப் கடை நரசிம்மலு ஊட்லிருந்து வாரேனுங்க."

"அண்ணியா! வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குத்தூஸ் வெளியே போயிருந்தார். ஒட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர்தானாம். "ஆம்பளைங்க தலைய நான் தொடறதில்லீங்க. திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து முடி கோப்பேன். அண்ணன் அந்தப் பக்கம் இருந்து பேசிட்டே இருப்பாரு."

கோமளாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. அந்த லேசு, அலமாரியைப் பார்க்கும் வரைதான். அதில் வரிசையாக மாவுத் தலைகள். மூன்றாவது தலையின் அடியில் பென்சிலால் 'நரசிம்மலு' என்று எழுதியிருந்தது. குல்சும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் கொஞ்சம் பள்ளமுங்க. இதா, இந்தத் தழும்பு, ஸ்கூல் படிக்கறப்போ போத்தனூர் ஸ்டேஷன்ல விழுந்ததாம். கண்ண மூடிட்டுக்கூட இந்தத் தலைய நான் சொல்லிப்போடுவேன்."

தழும்பைப் பற்றிக் கோமளாவுக்குத் தெரியாது. முடி இருந்தவரை அது முடிக்குள் இருந்தது. முடி போனபின் துண்டுக்குள் இருந்தது.

"எனக்கும் ஒட்டக் கத்துக் குடுங்க" என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

குல்சும் தயங்கினாள். "அண்ணன் சொல்லாம நான் எப்படிங்க..." பிறகு மெதுவாக, "கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு நாள் சிரிச்சீங்களாமே."

கோமளா வீடு வந்து சேரும் வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. தன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அங்கே போய், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். விரல் பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

ஆவணியில் அவள் தம்பி வேங்கடசாமிக்கு உடுமலைப்பேட்டையில் கல்யாணம். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் கோமளா குளியலறைக்குப் போய், கம் பாட்டிலை எடுத்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கதவைத் திறப்பார், கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். தேடிக் கொடுப்பதுபோல் கொடுத்து, தானே ஒட்டிவிடலாம் என்று கணக்கு.

உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. "என்னங்க, நான் வரட்டுங்களா?" என்றாள். சற்று நேரத்தில் தாழ் திறந்தது. தலையில் துண்டோடு, புறக்கடையில் சைக்கிள் நிற்கும் இடம் வரை போய் வந்து மறுபடி தாழ் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது டோப்பா கச்சிதமாக இருந்தது.

கல்யாணத்தில் எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். "மாமனுக்கு வயசே ஆகறதில்லை" என்றார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் சிவந்து, நெற்றியோரம் வியர்வை வழிந்தது. சாப்பிட்ட கையோடு கிளம்பலாம் என்றார்.

மறுநாள் காலை குளியலறைக்குள்ளிருந்து, "கோமளா" என்று கூப்பிட்டார். தாழ் திறந்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டோப்பா பாதி கழன்று, பாதி தோலோடு பிடித்திருந்தது. நெற்றிமேல் கொப்புளங்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி ஒட்டியிருக்கிறார்.

"எடுக்க வரலை. எரியுது" என்றார், சுவரைப் பார்த்தபடி.

தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து, விரல்கடை விரல்கடையாக ஊறவைத்து எடுத்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் கை பழகாத கை. நாலைந்து தடவை அவர் துடித்துப்போனார். வலை கிழிந்து கையோடு வந்தது. தழும்பும் தெரிந்தது, இடது பக்கத்துப் பள்ளமும் தெரிந்தது. ஆசைப்பட்ட எல்லாம் கண்முன்னால், கொப்புளத்தோடு.

"கம் பாட்டில நான்தானுங்க ஒளிச்சு வெச்சேன்."

அவர் திரும்பவில்லை. "எதுக்கு?"

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதுங்களா? உங்ககூட எட்டு வருஷம் இருக்கறவ நானு."

"நீ சிரிச்சே."

"ஒருக்காதானுங்க சிரிச்சேன்."

"ஒருக்கா போதும் அம்மணி."

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பை அன்று ராத்திரியும் அவளே போட்டாள். இருபது நாள் கதர்க் குல்லாயோடு கடையில் உட்கார்ந்தார். எந்தக் கட்சியில் சேர்ந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்தார். கோமளாவோடு பேச்சு, சோறு குழம்பு அளவில்தான் இருந்தது.

புண் ஆறியதும் புது டோப்பாவுக்குச் சொல்லக் கிளம்பியவர், வாசலில் நின்று, "வாரயா?" என்றார். அவள் சேலைகூட மாற்றாமல் கிளம்பினாள்.

குத்தூஸ் முடிக்கற்றைகளைப் பிரித்துக் காட்டினார். நரசிம்மலு கருகருவென்றிருந்ததைத் தொட்டார். "வேண்டாமுங்க, நரை கலந்து கோக்கச் சொல்லுங்க" என்றாள் கோமளா. "நாப்பது ஆகப்போகுது." அவர் முறைத்தார். அவள் விடவில்லை. திரைக்குப் பின்னால் ஊசி நின்றது. "அண்ணி சொல்றதுதான் சரிங்கண்ணா" என்றது குல்சுமின் குரல். உடனே அவர், "சரி, அப்படியே செஞ்சுபோடுங்க" என்றார்.

தான் கேட்டதுதான் நடந்தது. ஆனாலும், குல்சும் சொன்ன பிறகுதானே ஒத்துக்கொண்டார் என்று பஸ்ஸில் உக்கடம் தாண்டும் வரை கோமளா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.