துண்டுக்குள் யார் விரல்?

பங்குச் சந்தையில் பணத்தைத் தொலைத்துவிட்டுத்தான் என் தம்பி துரைக்கண்ணு ஓடிப்போனான் என்று எதிர்வீட்டு முனியம்மாள் சொல்வது சுத்தப் பொய். அவன் ஒரு பங்குகூட வாங்கியவன் இல்லை. அவன் மகள் அருணா துரத்திவிட்டாள் என்கிறார்களே, அதுவும் பொய். நான் அன்று அந்த வீட்டில்தான் இருந்தேன். சொல்கிறபடி எழுதிக்கொள்.

அவன் மாட்டுத் தரகன். திண்டிவனம் பக்கத்துச் சந்தைகளில் கையைத் துண்டால் மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தொண்ணூற்று மூன்றில் மாட்டு விலை சரிந்தபோது, பெரிய வியாபாரி ஒருவர் தன் மாடுகளையே வாங்குகிறவன்போல் விலை கேட்கச் சொல்லி இவனை ஏவினார். இவன் மறுபடி மறுபடி கைபோடுவதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். விலை சரியாமல் நின்றது. செஞ்சிக்காரர் ஒருவர் அந்த விலையை நம்பிக் கிழட்டு எருதை வாங்கிப்போய், உழ முடியாமல் தவித்தார். அதிலிருந்து எந்த விலை ஏறினாலும் இவனுக்குத் துண்டுதான் ஞாபகம்.

மனைவி இறந்த பிறகு விழுப்புரத்தில் மகளோடு இருந்தான். மருமகன் வெற்றிவேலுக்குப் பங்குத் தரகர் ஆபீசில் வேலை. பகலில் இவன் அங்கே போய் டிவியில் பங்கு விலை ஓடுவதைப் பார்ப்பான். இரண்டாயிரத்து எட்டு தை மாதம் பங்குச் சந்தை குப்புற விழுந்தது. அன்றே அமெரிக்காவின் பெரிய பேங்கு, நோட்டு வெளியிடுகிற பேங்கு, வட்டியைக் குறைத்தது. மறுநாள் இங்கே ஏறியது.

“மாப்ள, யாரோ துண்டுக்குள்ள கை வுட்டுக்கினு இருக்கான்.”

“அய்ய, மாமா! ஊரறியச் சொல்லித்தானே வட்டியக் கொறச்சாங்க?”

“வாயால சொன்னத வுடு. வெரலால இன்னா சொன்னான்? நோட்டு அவங்கிட்ட. வெல வுழுந்தா பாத்துக்கினு இருப்பானா? ஆள வுட்டு அவனே வாங்குவான்.”

“ஆதாரம் இன்னா இருக்குது?”

“துண்டுக்குள்ள நடக்கறதுக்கு ஆதாரம் ஏது மாப்ள?”

மருமகன் சிரித்தான். ஆனால் ஆபீசுக்கு வருகிற விவசாயிகளிடமும் தம்பி இதையே சொன்னான். நாலைந்து பேர் பங்கு வாங்காமல் விலகிப் போனார்கள். “ஒங்க மாமனார் வாய மூடணும், இல்லன்னா நீங்க வேற வேல பாத்துக்குங்க” என்றார் மேனேஜர். தம்பி ஆபீசுக்குப் போவதை நிறுத்தினான். விவசாயிகள் வீட்டுக்கே வந்து அவனிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

அருணா அழுதாள். “யாரான்டயும் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுப்பா. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க.”

“பேசாம ஒருதபா இருந்துட்டேன்மா, செஞ்சிக்காரர் எருது வாங்கறப்ப.”

சத்தியம் செய்யவில்லை. அவன் சந்தேகம் நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இல்லை என்றவர்கள் ஒருவரும் துண்டைத் தூக்கிக் காட்டவில்லையே!

மறுநாள் காலை கேப்பைக் கூழைக் குடித்தான். வெற்றிவேல் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

“தைரியமாப் போ மாப்ள. நான் இங்க இல்லன்னா ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகனுக்கு முன்னால் வாசலைத் தாண்டினான்.