தையல்காரிக்கு எடுத்த அளவு

இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸை, பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியதும் டிரைவர் தாமே வாங்கி, வாடகைக்குப் பிடித்த காலிமனையில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"இனி இதுதான் நம்ம வீடு" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் தோளும் இடுப்பும் அவளுக்கு மனப்பாடம். கழுத்தில் அளவு நாடா தொங்க, பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"வரேங்க. ஆனா சமைக்கிற இடத்துல நான் நிமிர்ந்து நிக்கணும். வேற எதுவும் கேக்கல. இல்லேன்னா அக்கா வீட்டு மாடியில எனக்கு ஒரு ரூம் இருக்கு."

கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டில் சமையலறை மாடிப்படிக்கு அடியில். பத்தொன்பது வருஷமாகக் கழுத்தை மடித்துக்கொண்டே சமைத்தவள் அவள்.

"இவ்வளவுதானே" என்றார் டிரைவர்.

துருப்பிடித்த சீட்டுகளை அவருடைய சிநேகிதர் வெல்டர் வந்து அறுத்தெடுத்தார். அடியிலிருந்து பென்சில்கள், ஒற்றைச் செருப்பு, கல்லாகிப்போன மிட்டாய் எல்லாம் வந்தன. தரைக்கு மரப்பலகை போட்டார்கள். வெயில் இறங்காமலிருக்கக் கூரைக்கு அடியில் தெர்மாகோல், அதற்குக் கீழே பிளைவுட். மேலே இருந்த அவசர வழிக் கதவையும், மழையில் ஒழுகுமே என்று பிளைவுட்டால் மூடிவிட்டார்கள். பின்பக்கம் அடுப்பு மேடை. ஒவ்வொரு ஆணியையும் டிரைவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். உயரத்தை மட்டும் தம் தலையை வைத்தே பார்த்தார். தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. அவள் தம்மைவிட நாலு விரல் கூட இருப்பாள், தாராளமாகப் போதும் என்று நினைத்தார். அவரோ இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து பஸ் ஓட்டிய ஆசாமி. அளவு எடுப்பதற்கென்றே வீட்டில் ஒருத்தி இருக்க, அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வேலை முடிந்த அன்று டீ போடப் பாத்திரத்தோடு வந்தாள். வாசலில் குனிந்து ஏறினாள். குனிந்தபடியே அடுப்பு வரைக்கும் போனாள். அங்கே போய் நிமிர்ந்தாள்.

டங்.

வெல்டர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீ இவ்ளோ உயரமா?" என்றார் டிரைவர்.

"எப்பவும் இவ்ளோதாங்க" என்றாள் அவள், தலையைத் தேய்த்தபடி. "உங்ககிட்ட குனிஞ்சே பேசிப் பழகிட்டேன்."

டிரைவருக்கு முகம் தொங்கிப்போனது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவள் முழு உயரத்தை அவர் பார்க்கவே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

கழுத்தை மடித்துக்கொண்டு மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். "நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். கோவம் இல்லங்க. இன்னொரு பத்தொன்பது வருஷம் இந்தக் கழுத்து தாங்காது."

"மூணு நாள் குடு" என்றார் டிரைவர். "அந்த நாடாவையும் குடு."

அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, அறுத்து வெளியே போட்டிருந்த ஒரு சீட்டின்மேல் ஏறி நின்றார். நாடாவின் நுனியை அவள் குதிகாலால் மிதித்துக்கொள்ள, உச்சந்தலை வரைக்கும் அளந்தார்.

"ஊரையே அளந்தாச்சு. என்னை அளக்க இப்பதான் ஒரு ஆள் வந்திருக்கு" என்று அவள் சிரித்தாள்.

அவசர வழியை மூடியிருந்த பிளைவுட்டை டிரைவரே பெயர்த்தார். அந்த இடத்தில் வெல்டர் கூரையை வெட்டி, ஓரடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்று ஏற்றி வைத்தார். அடுப்பு அதற்கு நேர் கீழே இடம் மாறியது. பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்த 'அவசர வழி'யைச் சுரண்டப் போனவரை அவள் தடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும் அண்ணே. சண்டை வந்தா உதவும்."

நாலாம் நாள் தையல் மெஷின் பஸ்ஸில் ஏறியது. அவள் அடுப்படியில் போய் நின்று, பயந்து பயந்து நிமிர்ந்தாள். தலை கூண்டுக்குள் வெளிச்சத்தில் இருந்தது. இன்னும் ஒரு சாண் மிச்சமும் இருந்தது.

டீயை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்கப் பழக்கதோஷத்தில் அவர் பக்கம் குனிந்தாள்.

"குனியாத" என்றார் டிரைவர். "அங்கேர்ந்தே பேசு. எனக்கு நல்லாக் கேக்குது."

அவள் நிமிர்ந்து நின்று கேட்டாள். அவர் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னார்.