கறுப்பு வண்டியின் கதவில் நான்

குளுவாங்கில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் பதினான்கு வருடம் கார் கழுவினேன். கழுவுவது, உள்ளே துடைப்பது, மெழுகு போடுவது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு சரி. படம் எடுப்பது நான் நினைத்துப் பார்த்த வேலை இல்லை.

கடை முதலாளியைத் தவுக்கே என்போம். சீனர். என்னிடம் மலாயில் பேசுவார், அதுவும் கொஞ்சம். ஒரு நாள் மேசைமேல் ஒரு கேமராவை வைத்தார். இப்போதெல்லாம் ஆட்கள் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டுத்தான் கார் வாங்க வருகிறார்கள், ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனி இருக்கிறது, அவர்களே வந்து கழுவி, மெழுகு போட்டு, படமும் எடுத்துக் கொடுப்பார்கள் என்றார். அவர்கள் வந்தால் எனக்கு வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

முதலில் நீ எடு, இந்த வருடம் முடியும்வரை பார்க்கிறேன் என்றார். "போலே தா?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம்.

"போலே," என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முந்தின வருடம் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மனு கொடுத்திருந்தேன். வயதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடையில் கார் விற்கிற தம்பி ஒருவர் இருந்தார். நம்மவர். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழக்கம். அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"அக்கா, இந்த நம்பர் பெரிசானா உள்ள ஓட்டை சின்னதாயிடும். வெளிச்சம் கம்மியா வரும்."

"பெரிசுன்னா பெரிசுதானே?"

"இதுல தலகீழ் லா."

இரண்டு நாள் அது மண்டையில் ஏறவில்லை. பிறகு உப்புத்தாள் ஞாபகம் வந்தது. கீறல் தேய்க்கிற உப்புத்தாளிலும் நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும். அந்த மாதிரி என்று பிடித்துக்கொண்டேன். அப்புறம் மறக்கவில்லை. கை ஆடினால் படம் மங்கும், மூச்சை அடக்குங்கள் என்றார். அடக்கினேன். காரின் முன் விளக்கு உயரத்துக்குக் குந்தி எடுக்கச் சொன்னார். சக்கரம் கழுவுகிறவளுக்குக் குந்துவது சிரமமா?

வெள்ளைக் கார், சாம்பல் கார் எல்லாம் சரியாக வந்தன. பிறகு பெரிய கறுப்பு வண்டி ஒன்று வந்தது. கடையிலேயே விலை கூடியது. மூன்று தரம் மெழுகு போட்டேன். எடுத்தேன். படம் இணையத்தில் போனது. முன் கதவில் நான் இருந்தேன். மஞ்சள் பூட்ஸ், தலையில் சிவப்புத் துண்டு, இரண்டு முழங்கையும் விரித்துக்கொண்டு. பின் கதவிலும் நான்.

"அக்கா, ஒருத்தன் போன் பண்ணான். வண்டியோட அந்தம்மாவும் வருவாங்களான்னு கேக்கறான்."

"கழுவணும்னா வரேன்னு சொல்லுங்க."

தம்பி சிரித்தார். தவுக்கே சிரிக்கவில்லை. படத்தை நீக்கிவிடச் சொன்னார். அந்தக் கம்பெனியின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

தள்ளி நின்று எடுத்தேன். சாய்ந்து எடுத்தேன். எப்படி எடுத்தாலும் கதவில் நான். மெழுகை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வண்டி பழைய அடுப்பு மாதிரி இருந்தது. மறுபடி போட்டேன். இத்தனை வருடமும் காரைக் கண்ணாடி மாதிரி ஆக்கத்தான் பழகியிருந்தேன். கேமராவுக்கு அது ஆகவில்லை.

கார்த்திகை பிறந்தது. தம்பி சபரிமலைக்கு மாலை போட்டார். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டியோடு வேலைக்கு வந்தார். மழை நாள். அந்த வண்டியின் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் பொட்டலத்தில் கட்டிய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். கதவைப் பார்த்தேன். ஒரு முகமும் ஒரு காப்பிப் பொட்டலமும் தெரிந்தன. உடம்பு இல்லை.

"சாமி, அப்படியே நில்லுங்க."

"என்னக்கா?"

"பேசாதீங்க."

அந்த வாரமே சந்தையில் நீளக் கை வைத்த கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முகம் மூட ஒரு கறுப்புத் துணி வாங்கினேன். பூட்ஸுக்கு டயர் மை பூசினேன்.

எதிரே சாப்பாட்டுக் கடை அம்மா என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் மாலையா? சொல்லவே இல்ல பாருங்க." மீனை எடுத்துவிட்டுப் பூசணிக்காய் வைத்துக் கட்டினார்.

கழுத்தில் துண்டு கிடந்தது. மாலை அதற்குள் இருக்கும் என்று நினைத்தார் போல. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேமரா, கதவு, மெழுகு எல்லாம் சொல்ல வேண்டும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தவுக்கே எல்லாருக்கும் கோழிச் சோறு வாங்கினார். எனக்கு மட்டும் கோழிக்குப் பதில் தவ்வு என்கிற சோயாக் கட்டி. சாமி விஷயத்தில் நடிக்கக் கூடாது என்று வீட்டிலும் கவிச்சியை நிறுத்திவிட்டேன்.

தம்பிக்கு மட்டும் விஷயம் தெரியும். "மல ஏறாமலே புண்ணியம் சேக்கறீங்க," என்றார்.

"வேல நிலைக்கட்டும். அது போதும்."

ஒரு காலை மழை விட்டிருந்தது. மேகம் மூடிய வெளிச்சம். வண்டியைப் பின்பக்கம் காலி இடத்தில் நிறுத்தச் சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு குந்தினேன். பன்னிரண்டு படம் எடுத்தேன்.

இப்போது அந்தக் கடை இல்லை. என் மகள் கைப்பேசியை ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடுகிறது. எனக்கு அந்த மழை மாதம்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ஈரத் தரை, மெழுகு வாடை, நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு குந்தியிருந்தது. அதற்குமுன் நான் கழுவிய கார்கள் விற்றுப் போய்விடும். ஒன்றும் மிஞ்சாது. படம் எடுத்த பிறகுதான் நான் துடைத்த கார் எப்படி இருக்கும் என்று நானே பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பன்னிரண்டு படத்தையும் தவுக்கே மேசைக் கணினியில் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். கதவு, பம்பர், சக்கரத்தின் வெள்ளி மூடி. என்னைத் தேடுகிறார் என்று தெரிந்தது. ரொம்ப நேரம் தேடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நீ எங்கே என்று கேட்டார்.

"நேரா முன்னாடிதான்," என்று மலாயில் சொன்னேன்.

மேசைக் கண்ணாடியைத் தூக்கினார். அடியில் இருந்த சீட்டை எடுத்தார். கம்பெனிக்குப் போன் போடப் போகிறார் என்று நினைத்தேன். சீட்டைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மழை வரும் போலிருக்கிறது, வெள்ளை வண்டியைச் சீக்கிரம் படம் எடு என்றார்.

போய் எடுத்தேன்.