போனுக்குள் இருந்த சித்தி

எங்கள் வீட்டில் குழந்தைக்குத் திரையே காட்டுவதில்லை என்று மெல்பர்ன் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தவள் நான். மகள் பிறந்த வாரமே தொலைக்காட்சியைச் சுவரிலிருந்து கழற்றிக் கராஜில் வைக்கச் சொன்னேன். கழற்றியவர் என் கணவர். கிரிக்கெட் பைத்தியம், பாவம், ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினார். வீட்டுக்கு வந்த யாரையும் அந்த வெறும் சுவரைக் காட்டாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை.

ஒரு சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துத் தன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ பூனை ஆடியது. நான் வாயை மூடிக்கொண்டு என் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டிருக்கலாம். "என்ன சாப்பிடுறோம்னே தெரியாம முழுங்குறான் பாருங்க. பழக்கிட்டீங்கன்னா அப்புறம் விடவே விடாது" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. "ஓம் அக்கா, நீங்கள் சொல்றது சரிதான். ஆனா எனக்கு உதவிக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்று பெருமையாகக் கேட்டேன். அது பொய். எனக்கு என் தங்கை இருந்தாள்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். குளிர்காலத்தில் இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியம் ஒன்றரை, அவளுக்குச் சாப்பாட்டு வேளை. அலுவலகத்து மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் வந்துவிடுவாள். ஒன்றரை வயதான என் மகள் இங்கே தன் குட்டி நாற்காலியில் காத்திருப்பாள். "சித்திக்கு ஒரு வாய், தங்கத்துக்கு ஒரு வாய். எங்க, ஆ காட்டு!" அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவாள், இவள் ஒரு வாய் வாங்குவாள். நான் ஊட்டினால் உதட்டைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளை, சித்தி சொன்னால் பாகற்காயையும் தின்னும். தங்கையிடம் ஒரு பாட்டும் உண்டு, அவளே கட்டியது, பஸ்ஸில் ஏறின காக்கா கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற பாட்டு. அர்த்தம் ஒன்றும் கிடையாது. பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

குழந்தையின் எடை பார்க்கும் நர்ஸிடம் ஒருமுறை கொஞ்சம் பயந்துகொண்டே இதைச் சொன்னேன். வீடியோ கால் பரவாயில்லை, அந்தப் பக்கம் ஒரு ஆள் குழந்தையைப் பார்த்துப் பதில் சொல்கிறாரே, அது வேறு என்றார் அவர். எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. தங்கை திரைக் கணக்கில் வர மாட்டாள் என்று அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டேன்.

அக்டோபரில் இங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். எங்கள் ஆறு மணி அவளுக்குப் பன்னிரண்டரை ஆகிவிடும். அவளுடைய ஆடிட்டர் பன்னிரண்டரைக்கு யாரையும் நாற்காலியை விட்டு எழ விடமாட்டார். இங்கே என் பிள்ளையோ ஆறு மணிக்குப் பசியெடுத்தால் ஏழு வரை பொறுக்காது. நான் ஆபீஸிலிருந்து ரயிலைப் பிடித்து, குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடி, வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது எனக்கும் பொறுமை மிச்சம் இருக்காது. அதனால் கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். கணவரின் பழைய போனை எடுத்து, தங்கை பேசுவதை முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் படம் பிடித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கணவர் பார்த்துவிட்டு, "இது டிவி இல்லையா?" என்றார்.

"சித்திதானே? பூனையா ஆடுது?"

"அவ பதில் சொல்ல மாட்டாளே."

எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நீங்கள் ஊட்டுங்கள் என்று கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன். அவர் ஊட்டிப் பார்த்தார். கால்வாசிச் சோறு தரைக்குப் போனது. மறுநாள் அவரே போனை எடுத்துச் சாய்த்து வைத்தார்.

அந்தப் படம் அவ்வளவு பொருத்தமாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. தங்கை ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்திக் காத்திருந்தாள் அல்லவா, அந்த இடைவெளியில் இவள் வாயைத் திறந்தால் சரியாக இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் தங்கை, "அய்யய்யோ, சட்டையில சிந்திட்டியே சாமி" என்பாள். உடனே மகள் குனிந்து தன் சட்டையைப் பார்ப்பாள். முதல் நாள் மட்டுமல்ல, தினமும். சட்டையில் ஒரு பருக்கைகூட இல்லாத நாளிலும் குனிந்து தேடுவாள், பிறகு குழப்பத்தோடு நிமிர்வாள். முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதால் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவப் பழகிக்கொண்டேன்.

தங்கை கேட்டாள், ஒன்றரை மணிக்கே கூப்பிடட்டுமா, பிள்ளை கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டால் ஆகாதா என்று. "அவளே சாப்பிடக் கத்துக்கிட்டா. நீ நிம்மதியா உன் சோத்தைச் சாப்பிடு" என்றேன். "அப்படியா? சமத்து! அப்ப சித்தி வேண்டாமாமா?" என்று சிரித்தாள். சனி ஞாயிறில் பேசலாம் என்று சொல்லி வைத்தேன். சனி ஞாயிறில் பேசினோம். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருப்பார்கள், போன் கை மாறிக்கொண்டே இருக்கும், அவள் கைக்கு வரும்போது பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் திருப்பித் தருவாள். ஏப்ரலில் கடிகாரம் பழையபடி திரும்பியது. ஆறு மணி மறுபடியும் ஒன்றரை ஆனது. நான் அவளைக் கூப்பிடவில்லை. போனில் இருந்த தங்கை லேட்டாக வரமாட்டாள், நெட் போகாது, என்னிடம் எதையும் கேட்கவும் மாட்டாள். வசதிக்குப் பழகிவிட்டால் மனுஷி வேண்டாமல் போய்விடுகிறது.

ஜூன் மாதம் அவளே வந்தாள். லீவு சேர்த்து வைத்திருந்தாளாம், மூன்று வாரம் இருப்பதாகச் சொன்னாள். ஏர்போர்ட்டில் மகள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "கூச்சம்" என்று நான் சமாளித்தேன்.

அன்று மாலை அவளே எலுமிச்சை சாதம் கிளறி, நாற்காலியை இழுத்துப் பிள்ளைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "சித்திக்கு ஒரு வாய், தங்கத்துக்கு ஒரு வாய்." காக்கா பாட்டையும் பாடினாள். என் மகள் அவளை மரியாதையாகப் பார்த்தாள், ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்ப்பது போல. பிறகு கழுத்தை எட்டி அவளுக்குப் பின்னால் சமையல் மேடையில் கிடந்த பழைய போனைக் காட்டி, "சித்தி" என்றாள்.

"சித்தி இங்கதான் இருக்கேன் சாமி."

"சித்தி வேணும்!" என்று போனைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்த போன் ரிப்பேர் என்று சொல்லலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போனது. அழுகை ஏறிக்கொண்டே போனதும் எழுந்து எடுத்து வந்து, வழக்கம்போல் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, படத்தை ஓட விட்டேன். மஞ்சள் சுடிதாரில் மாடிப்படியில் தங்கை. மகள் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

தங்கை, பிள்ளை பசியோடு இருக்கிறதே என்று கிண்ணத்தை எடுத்துத் தானே ஊட்டத் தொடங்கினாள். போனில் அவள் பாடினாள், இங்கே அவள் ஊட்டினாள். சட்டையில சிந்திட்டியே என்று போன் சொன்னதும் மகள் குனிந்து தேடினாள். தங்கையும் குனிந்து பார்த்தாள். சட்டை சுத்தமாக இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் படம் இன்னும் முடியவில்லை.

கடைசி வாய் முடிந்ததும் படத்தில் தங்கை சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: "வெச்சுப்போடாதக்கா. உங்கிட்ட ஒண்ணு பேசணும்." படத்துக்கு வெளியிலிருந்து என் குரல் வரும்: "இருடி, வாய் தொடைச்சுட்டு அப்புறமா கூப்பிடுறேன்." படம் அங்கே முடியும். அது எனக்குப் படம் முடிந்துவிட்டது என்பதற்கான மணிச் சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் ஈரத்துணியோடு வருவேன்.

அன்றைக்கு அந்த வரி வந்தபோது என் மகளும் கூடவே சொன்னாள். மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாளா என்று நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தங்கையைப் போலவே குரலைத் தாழ்த்தி, மழலையில், ஒரு சொல் விடாமல் சொன்னாள். "வெச்சிப்போதாதக்கா. உங்கித்த ஒண்ணு பேசணும்."

தங்கை சிரித்தாள். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இதைத் தினமும் போடுவியாக்கா?"

"ம்."

"அப்ப தினமும் கேட்டிருக்க."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, எப்படியோ சரிக்கட்டியிருப்பேன்.

மகளைக் கணவர் குளிக்க அழைத்துப் போன பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு, என்ன பேச நினைத்தாய் என்று கேட்டேன். எட்டு மாதம் தாமதமாகக் கேட்டேன். கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அலுவலகத்தில் ஒருவர். நல்லவர், அவள் சிரிக்கும்படி பேசுவார். வேறு சாதி. அவர் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள், பெண் வீட்டில் வந்து கேட்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பா இருக்கும்போது இவளால் யாரிடமும் இதைப் பேச முடியாது. பேச முடிந்த ஒரே இடம் அந்த மாடிப்படி, பேச முடிந்த ஒரே ஆள் நான்.

"நீ சொன்னா அப்பா கேட்பாரு. உன் கல்யாணத்துல இருந்து உன் பேச்சைத்தான் கேட்கிறாரு. நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்" என்றாள்.

"நீயே கூப்பிட்டிருக்கலாமேடி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. கூப்பிட்டாள்தான். ஆடிட்டர் வெளியே போன நாட்களாக இருக்கும், ஆறு மணிக்கு இரண்டு மூன்று முறை என் போனில் அவள் பெயர் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு சித்தி ஆகாது என்று நான் எடுக்காமல் விட்டேன்.

"அவர் எவ்வளவு நாள் காத்திருப்பாரு? தை மாசம் அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நானும் மொய் வெச்சுட்டு வந்தேன்" என்றாள்.

"நான் இப்ப அப்பாகிட்டப் பேசட்டுமா? பொதுவா... சாதி பார்க்க வேண்டாம்னு..."

"இப்ப எதுக்குக்கா?" என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மீதி நாளெல்லாம் அவள் பிள்ளையோடுதான் இருந்தாள். படத்தை ஒரேயடியாக நிறுத்தவும் விடவில்லை, "பசியோட அழ விடாத" என்றாள். முதலில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள், பிறகு சத்தத்தைக் குறைத்துத் தானே பாடினாள், கடைசி வாரத்தில் போன் இல்லாமலேயே மகள் அவள் கையால் சாப்பிட்டாள். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் பிள்ளை அவள் கழுத்தைவிட்டு இறங்க மறுத்தது. என் பிள்ளைக்கு நான் செய்த கெடுதலைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள். அவளுக்கு நான் செய்ததை யார் சரிசெய்வது?

இப்போது பழையபடி ஆறு மணிக்கு அவளைக் கூப்பிடுகிறோம். மாடிப்படியிலிருந்து பேசுகிறாள், பாடுகிறாள், பிள்ளையின் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்கிறாள். சாப்பிட்டு முடிந்ததும் நான் மகளைக் கணவரிடம் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்கிறேன்.

"சொல்லு. வேற என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா, எல்லாம் நல்லா இருக்கு. லஞ்ச் டைம் முடிஞ்சுது, வெச்சிடட்டுமா?"

அங்கே மணி இரண்டுகூட ஆகியிருக்காது. அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். சரி, வெச்சிடு என்கிறேன்.