பாலமென்ன குமரா?

சவளக்கடைப் பக்கம் எங்கள் வயலுக்குப் போகிற வழியில், பெரிய வாய்க்காலுக்கு மேலே கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருந்தது. சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாலத்துக்கு யாரும் கூரை போடுவார்களா என்று கேட்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனால் அந்தப் பாலத்தைப் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கட்டியவர் எங்கள் மூத்தாப்பா, வாப்பாவைப் பெற்றவர்.

பாலை மரத்தில் கால்கள், முதிரை மரத்தில் உத்தரம், அதன் மேல் கனத்த பலகை. இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் துளைத்து மர ஆணி இறுக்கியது. மேலே வீட்டுக்குப் போடுவது போலக் கைமரம் வைத்து ஓடு. "பொண்டாட்டிக்குப் பயந்து வாய்க்காலுக்கு மேல வீடு கட்டின மனிசன்" என்று ஊரில் அவரைப் பகிடி பண்ணுவார்களாம். வைக்கோல் வண்டிக்காரர்கள் ஏசுவார்கள். கூரை தட்டும் என்று பாதி வைக்கோலை இறக்கி, தலையில் சுமந்துபோய் அக்கரையில் மறுபடி ஏற்ற வேண்டும். ஏன் கூரை போட்டீர்கள் என்று அவர் இருக்கும்போதே யாரும் கேட்டுவைக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கத்தான் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சூறாவளி அடித்தது. எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போய்விட்டது. ராத்தா, என் அக்கா, கலியாணத்துக்கு நின்ற குமர். அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த வீடு அது. பாலம் மட்டும் ஓட்டோடு அப்படியே நின்றது. காற்று ஒரு வாயால் புகுந்து மறு வாயால் போயிருக்க வேண்டும்.

ராத்தாவின் கலியாணக் காவினுக்கு நாள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுவரைப் பார்த்தார்கள், சுவருக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள். "கூரை போட்ட மறுகா சொல்லியனுப்புங்க" என்று எழும்பிப் போனார்கள். அடுப்படிக்குள் போன ராத்தா அன்று வெளியே வரவேயில்லை. ஊரெல்லாம் கூரை பறந்து கிடந்த நேரத்தில் ஓட்டுக்கு எங்கே போவது?

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாய்க்காரர். வாப்பாவிடம் வந்து நின்றார்.

"என்ன மச்சான், குமர வானத்துக்குக் கீழ வெச்சிக்கொண்டு பாலத்த மூடி வெச்சிரிக்கீங்க! பாலமென்ன குமரா, வெயில் படாம வெக்கிறதுக்கு?"

உம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா சிரிக்கவில்லை.

"அது வாப்பா போட்டது. சும்மா போட்டிரிக்க மாட்டாரு."

"அப்ப என்னத்துக்குப் போட்டாரெண்டு சொல்லுங்களே? இல்லாட்டி அந்த ஓட்டக் கழட்டி வீட்டுக்குப் போடுவம்."

வாப்பா வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்தார்.

"ஊராக்கள் கதைப்பாங்க" என்றார் உம்மா.

"கதைக்கவா? வைக்கோல் வண்டிக்காரன் நம்மளுக்கு துஆ கேப்பான். முதல்ல நம்மட குமர் கரை சேரட்டும்" என்றார் மாமா.

"அறுவடை முடிஞ்சதும் பாலத்துக்குத் தென்னங்கிடுகாவது வேஞ்சி குடுப்பம்" என்றார் வாப்பா கடைசியில். அடுத்த கிழமை பாலத்து ஓடுகள் மாட்டு வண்டியில் வந்தன. அந்த ஓட்டுக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து நானும் ஊர்வலம் வந்தேன். காவின் நல்லபடி நடந்தது.

கிடுகு வேயப்படவேயில்லை. ஒரு போகம் வெள்ளம், மறு போகம் உம்மாவுக்கு உடம்பு வருத்தம். வைக்கோல் வண்டிகள் நிமிர்ந்தபடி போய்வந்தன. எல்லாருக்கும் சந்தோஷம். நான் குமராகி வீட்டோடு இருந்த காலத்தில் ஒருநாள், நெல் வண்டியோடு பாலத்தின் நடுப்பகுதி இறங்கிவிட்டது. வண்டிக்காரனை அல்லாஹ் காப்பாற்றினான். ஒரு மாடு எழும்பவில்லை. பாலத்தடிக்குப் போய்த் திரும்பி வந்த வாப்பா கையை விரித்துக் காட்டினார். மர ஆணி ஒன்று. விரலால் அமுக்கினேன், ஊறிய புட்டு மாதிரி உதிர்ந்தது.

"கூரை நமக்குப் போட்டதில்ல மகள். மரத்துக்குப் போட்டது."

மாமாவும் பக்கத்தில்தான் நின்றார். உதிர்ந்த தூளைக் குனிந்து பொறுக்கினார். பிறகு நாட்டு நிலைமையும் கெட்டது. காட்டுக்குப் போய் மரம் கொண்டுவர யாருக்குத் தைரியம்? பாலத்தின் கால்கள் மட்டும் வெகுகாலம் தண்ணீரில் நின்றன.

ராத்தா அந்த ஓட்டுக்குக் கீழேதான் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். அவளிடம் இதை நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

காவினுக்குப் பிறகு வந்த முதல் மழைதான் என் மனதை விட்டுப் போகவில்லை. பின்னேரம் பிடித்த மழை. எங்கே ஒழுகும் என்று சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நனையவில்லை.

"ஒரு சொட்டும் ஒழுகுதில்ல வாப்பா!" என்று கத்தினேன்.

"ஓம் மகள்" என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பாலம் நிற்கிற வயல் பக்கம் பார்த்தபடி முற்றத்து மழைக்குள் நின்றார். இவ்வளவு நல்ல கூரை இருக்க இந்த மனிதர் ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.