கிருத்திகைக்கு ஏறிய கோடு

பிள்ளைகளா, போனில் ஒரு பங்கின் விலையைப் பார்த்தால் அப்பா ஏன் அந்தச் சராசரிக் கோடுகளையே முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று சிரிக்கிறீர்கள். அதற்கு உங்கள் அத்தை ஓட்டும் தறிதான் காரணம்.

அத்தை வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் அவர்களுக்கு இரண்டு விசைத்தறி. ஒன்றை அவர் ஓட்டுவார், மற்றதை அத்தை. ஒரு நாள் முருகன் கோயில் மலையடிவாரத்தில் இருக்கும் நம் பூக்கடைக்கு வந்தார். வந்த வேகத்தில் போனை நீட்டினார். ஏதோ ஒரு நூல் மில்லின் பங்கு.

"மச்சான், அஞ்சு நாள் கோடு இருபது நாள் கோட்டத் தாண்டி மேல பூட்ச்சு பாரு. தாண்டுனா வாங்கணும்னு வீடியோல சொல்றாங்க. ஒரு தறிய வித்துட்டு இதுல போடப் போறேன். வெள்ளிக்கிழம ஆளு வரான்."

"எந்தத் தறி பாவா?"

"உங்க அக்கா ஓட்றதுதான். என்னுது போட்ற சத்தத்துக்கு எவன் வாங்குவான்?"

"அக்கா இன்னா சொல்றாங்க?"

"எங்க சொல்றா? சோறு மட்டும் போட்றா, பேச மாட்டேங்கறா."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. இந்தக் கோடுகளின் விஷயம் எனக்குப் பூ வாங்குவதில் பழக்கம். நாளைக்கு எவ்வளவு எடுப்பது என்று கடைசி ஐந்து நாள் விற்பனையைக் கூட்டி ஐந்தால் வகுப்பேன். மறுநாள் பழைய நாள் ஒன்றை விட்டுவிட்டுப் புது நாளைச் சேர்ப்பேன். சராசரி அப்படியே நகர்ந்துகொண்டு வரும். பங்கு விலைக்கும் இதே கணக்குதான். ஆனால் நடுவில் ஒரு கிருத்திகை வந்தால் போச்சு. அந்த ஒரு நாள் கூட்டத்தில் ஐந்து நாள் சராசரி துள்ளி எழும். இருபது நாள் சராசரி லேசாகத்தான் அசையும். துள்ளியதை நம்பிச் சாமந்தி எடுத்தால் வாடிக் கொட்ட வேண்டியதுதான்.

அவர் போனை வாங்கி நாள் நாளாகத் தள்ளிப் பார்த்தேன். விலை ஒரே ஒரு நாள் எகிறியிருந்தது. மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"பாவா, இது கிருத்திகை. அந்த ஒரு நாள் கணக்க விட்டு வெளிய போவட்டும். அப்பவும் கோடு மேலயே நின்னா பேசலாம்."

"அதுக்குள்ள நெசமாவே ஏறிட்டா?"

"ஏறலாம். கோடு நடந்ததத்தான் சொல்லும் பாவா, நடக்கப் போறதச் சொல்லாது."

"பூக்காரங்கிட்ட வந்து கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை வந்த ஆளை, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாராம். அதற்குள் அந்த நாள் கணக்கிலிருந்து கழிந்து, ஐந்து நாள் கோடு இருபது நாள் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. வந்த ஆள் வேறு வீட்டில் தறி பார்த்துக்கொண்டான்.

ரொம்ப நாள் கழித்து அதே பங்கு நிஜமாகவே ஏறியது. பாவாவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே எனக்குப் பயம்.

"இன்னா மச்சான், அந்த மில்லுல இப்பத் தெனமும் கிருத்திகையா?"

போனுக்குள் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. அதையும் மீறி அக்காவின் குரல்:

"பங்கு ஏறட்டும், எறங்கட்டும். உங்க தறில நூலு அந்துபூட்ச்சு, போன வெச்சுட்டு வாங்க!"

"ஆங், வரேன் வரேன்" என்றார் பாவா. வைக்க மறந்துவிட்டார். நூலை முடிந்து அவர் தறியும் ஓடத் தொடங்க, இரண்டு தறியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.